ஷாவுக்குப் பிறந்த செக்

இரண்டு இதழ்களுக்கு முன் ஒரு பதிலின் ஓரத்தில், செஸ் விளையாட்டில் சொல்லும் செக்கும் பேங்கில் கிழித்துத் தரும் செக்கும் ஒரே சொல்தான் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். அதற்கே இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. முப்பத்து நான்கு வருஷம் பேங்க் கவுண்ட்டரில் உட்கார்ந்து செக் வாங்கிப் போட்டவன் நான். அதனால் இந்த வாரம் முழுக்க செக் மட்டும்தான்.

திருவாரூரிலிருந்து ஒரு வாசகர்: ஆட்டத்துக்கும் பணத்துக்கும் என்ன சம்பந்தம்? சும்மா ஒலி ஒற்றுமையை வைத்து அடித்துவிட்டீர்களா?

அடித்துவிடவில்லை. நம் சதுரங்கம்தான் பாரசீகத்துக்குப் போய் சத்ரங் ஆனது. அங்கே ராஜாவுக்கு ஷா என்று பெயர். எதிராளியின் ராஜாவைத் தாக்கும்போது 'ஷா!' என்று குரல் கொடுப்பார்கள். 'உன் ராஜாவைப் பார்த்துக்கொள்' என்று அர்த்தம். அரபிகள் கையோடு ஆட்டம் ஐரோப்பாவுக்குப் போனது. பிரெஞ்சுக்காரர் வாயில் விழுந்த ஷா, எஸ்செக் ஆகி, இங்கிலாந்தில் செக் ஆனது. அதன் பன்மைதான் செஸ். ஆக, ஆட்டத்தின் பெயரும் ராஜா, எச்சரிக்கையும் ராஜா.

செக் சொன்னால் எதிராளி கையிலிருக்கும் வேலையை அப்படியே நிறுத்தியாக வேண்டும். அதனால் 'தடுத்து நிறுத்து' என்ற பொருள் வந்தது. தடுப்பவன் கட்டுப்படுத்துகிறான், கட்டுப்படுத்துகிறவன் கணக்குக் கேட்கிறான். இப்படித்தான் 'சரிபார்' என்ற பொருள் ஒட்டிக்கொண்டது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பணச் சீட்டில் மோசடி நடக்காமல் சரிபார்க்க வைத்துக்கொண்ட அடிக்கட்டைக்கு செக் என்று பெயர் வைத்தார்கள். பிறகு அந்தப் பெயர் அடிக்கட்டையிலிருந்து தாளுக்கே தாவிவிட்டது. நாங்கள் எல்லாம் அடிக்கட்டையில் தேதியும் தொகையும் குறித்து வையுங்கள் என்று வாடிக்கையாளரிடம் மன்றாடியிருக்கிறோம். பெயர்க்காரன் அவன்தான் என்று அப்போது தெரியாது.

இன்னொரு விஷயம். உலகப் போட்டிகளில் இன்று செக் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று விதி கிடையாது. ஆனால் நம் செய்தித்தாள்களைப் பாருங்கள்: 'ஆளுங்கட்சிக்கு செக்', 'கூட்டணிக்குள் செக் வைத்த தலைவர்'. பாரசீகத்தில் அந்தக் குரலுக்கு இருந்த அர்த்தம் மாறாமல் அச்சாகிறது. இந்த ஒரு விஷயத்தில் லண்டன் பத்திரிகைகளைவிட நம் தலையங்கக்காரர்கள் மூலத்துக்கு நெருக்கம் என்பது என் கட்சி.

நாமக்கல்லிலிருந்து ஓர் ஆசிரியை: சரிபார்க்கும் செக்கை சி, கே போட்டு முடிக்கிறோம். பேங்க் செக்கை மட்டும் ஏன் க்யூ, யு, ஈ என்று இழுக்கிறோம்? பிள்ளைகள் கேட்டால் பதில் இல்லை.

அமெரிக்கப் பிள்ளைகள் கேட்க மாட்டார்கள். அங்கே இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். வால் பிரிட்டிஷ்காரர் வைத்தது. 1881ஆம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் அவர்கள் எழுதியபடியே நாமும் எழுதுகிறோம்.

வால் வந்த வழி சுவாரசியமானது. இங்கிலாந்தின் நிதியமைச்சருக்கு இன்றைக்கும் 'எக்ஸ்செக்கரின் சான்ஸலர்' என்றுதான் பட்டம். எக்ஸ்செக்கர் என்றால் சதுரங்கப் பலகை! 12ஆம் நூற்றாண்டில், ராஜாவுக்கு வரி வசூலித்துத் தரும் ஷெரிஃபுகள் வருஷத்தில் இரண்டு முறை வந்து கணக்கு ஒப்பிக்க வேண்டும். பத்தடி நீளம், ஐந்தடி அகலத்தில் ஒரு மேஜை. அதன்மேல் கோடு கிழித்துக் கட்டமாக்கிய கறுப்புத் துணி. பென்னிக்கு ஒரு பத்தி, ஷில்லிங்குக்கு ஒன்று, பவுண்டுக்கு ஒன்று, அப்புறம் இருபது, நூறு, ஆயிரம் என்று. கட்டங்களில் காசுகளை நகர்த்தித்தான் கூட்டல் கழித்தல். ரோமன் எண்ணை வைத்துக்கொண்டு தாளில் கழித்துப் பாருங்கள், துணி ஏன் தேவைப்பட்டது என்று புரியும்.

அந்த நாளில் பொக்கிஷதாரராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் இதை விவரித்து எழுதி வைத்திருக்கிறார். செஸ்ஸில் இரண்டு ராஜாக்கள் மோதுவதுபோல இங்கே பொக்கிஷதாரரும் ஷெரிஃபும் மோதுகிறார்கள் என்று அவரே சொல்கிறார். எனக்கு எங்கள் ஆடிட் நாட்கள் ஞாபகம் வந்தன. இன்ஸ்பெக்டர் அந்தப் பக்கம், மேனேஜர் இந்தப் பக்கம், நடுவில் நகர்த்தப்படும் காய் நான். இந்த எக்ஸ்செக்கரின் ஜாடை பட்டுத்தான் பேங்க் செக்குக்கு வால் முளைத்தது.

துணியோடு குச்சியும் உண்டு. கட்டிய தொகைக்குத் தக்கபடி குச்சியில் வெட்டுப் போட்டு, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஆளுக்கொரு பாதி. பிறகு சேர்த்துப் பார்த்தால் வெட்டுகள் பொருந்த வேண்டும். எங்கள் வீட்டுப் பால்காரம்மா சுவரில் கரிக்கோடு போடுவார். பிளக்க முடியாத சுவர் என்பதால் மாதக் கடைசியில் அம்மாவோடு சண்டை வரும். இங்கிலாந்தில் குச்சிக் கணக்கு ஒழிந்த பிறகு, மிச்சமிருந்த பழைய குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று பிரபுக்கள் சபையின் உலையில் போட்டு எரித்தார்கள். உலை சூடேறி, பார்லிமெண்ட் கட்டடமே அன்று ராத்திரி எரிந்துபோனது. பழைய ரெக்கார்டுகளை அழிப்பதில் அவசரம் கூடாது என்று எங்கள் மேனேஜர் ஏன் பயந்தார் என்று இப்போது தெரிகிறது.

மதுரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: ரூம்மேட், கிளாஸ்மேட் மாதிரி செக்மேட்டிலும் கூட்டாளி இருக்கிறாரா?

இல்லை தம்பி. பாரசீகத்தில் 'ஷா மாத்' என்பார்கள், ராஜா செய்வதறியாமல் மாட்டிக்கொண்டார் என்று. அரபியில் மாத்த என்றால் செத்தான் என்று பொருள் இருப்பதால் 'ராஜா செத்தார்' என்ற விளக்கமும் பரவிவிட்டது. ஆட்டத்தை யோசித்தால் முதல் விளக்கம்தான் சரி. செஸ்ஸில் ராஜாவை யாரும் வெட்டுவதே இல்லை. ரூம்மேட்டின் மேட் வேறு வம்சம், ஜெர்மானிய வழி. ஒரே பந்தியில் சாப்பிடுகிறவன் என்று பொருள். சாப்பாடு என்று முன்பு பொருள்பட்ட 'மீட்' என்ற சொல்லுக்கு உறவு. ஹாஸ்டல் மெஸ்ஸில் இருப்பவருக்கு இது பொருந்தும்.

ஈரோட்டிலிருந்து ஒரு ஜவுளிக் கடைக்காரர்: கட்டம் போட்ட சட்டையும் இந்தக் குடும்பமா?

சந்தேகமே வேண்டாம். சதுரங்கப் பலகையின் கட்டம்தான் துணிக்கு இறங்கியது. சென்னையில் 2022 செஸ் ஒலிம்பியாடுக்காக நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்தார்களே, அதையும் இதில் சேர்க்கலாம். நம் கைத்தறிக் கட்டத் துணிக்கோ உலகம் முழுக்க மெட்ராஸ் என்றே பெயர். ஒன்று மட்டும் சொல்கிறேன்: கடைப் பலகையில் பன்மையில் எழுதாதீர்கள். தமிழில் எழுதினால் குடும்பத்தோடு வருகிறவர்கள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். 'கட்டம் போட்டது' போதும்.

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி: அமெரிக்காவில் மகளோடு ஹோட்டலுக்குப் போனேன். சாப்பிட்டு முடித்ததும் 'செக்' கொண்டுவரச் சொன்னாள். நாம்தானே அவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று குழம்பினேன்.

அங்கே ஹோட்டல் பில்லுக்குப் பெயர் செக். சரி என்று போடும் டிக் குறியும் செக். கழற்றிக் கொடுக்கும் கோட்டுக்குத் தரும் டோக்கனும் செக். எல்லாம் 'சரிபார்' என்ற அந்தப் பொருளின் வழிதான். கட்டப் பலகையில் வட்டக் காய்களை வைத்து ஆடும் ட்ராஃப்ட்ஸ் ஆட்டம் அங்கே செக்கர்ஸ். மகள் எப்போதாவது ரெய்ன் செக் என்றால் குடை தேடாதீர்கள். மழையால் பேஸ்பால் ஆட்டம் நின்றால் இன்னொரு நாள் வந்து பார்க்க உதவும் சீட்டு அது. இப்போது 'இன்னொரு நாள் பார்க்கலாம்' என்று அழைப்பை மரியாதையாகத் தட்டிக் கழிக்க உதவுகிறது.

காரைக்குடியிலிருந்து ஒருவர்: செக் குடியரசு?

உறவில்லை. அது ஸ்லாவிய இனப் பெயர். நம் எழுத்தில் ஒன்றாகத் தெரிகிறது, அவ்வளவே.

பல்லடத்திலிருந்து ஒருவர்: எண்ணெய்ச் செக்கு?

அதுவும் இல்லை. அது நம் சொந்தச் சொல், வ.உ.சி. கோவைச் சிறையில் இழுத்தது. ஆனால் இந்த ஒலி ஒற்றுமையால் நான் ஒரு தடவை மாட்டிக்கொண்டேன்.

1981. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். கொங்குப் பக்கம் ஒரு சின்னக் கிளை. வெள்ளை வேட்டிப் பெரியவர் ஒருவர் கவுண்ட்டருக்கு வந்து, "செக்கு ஒண்ணு வேணுங்க தம்பி" என்றார். நான் சுறுசுறுப்பாக செக் புக் விண்ணப்பத்தை எடுத்து வைத்து, "பத்து லீஃபுங்களா, இருபது லீஃபுங்களா?" என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "லீஃபெல்லாம் தெரியாதுங்க தம்பி. வாகை மரத்துல செஞ்சது. மாட்டோட சேர்த்து லோன் தருவீங்களா?"

லோன் கிடைத்தது. மாட்டோடு சேர்த்தே. தவணை கட்ட வரும்போதெல்லாம் மடியிலிருந்து ரொக்கத்தை எடுத்து எண்ணிக்கொண்டே, "செக்கு வேண்டாமுங்களா தம்பி?" என்று கேட்பார்.