மகனின் முதல் மிஷன் பயணத்துக்காக நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: நாங்கள் நாசரேத் அருகே வசிக்கிறோம். 23 வயதாகும் என் மகன் தூத்துக்குடியில் ஒரு தனியார் நிறுவனத்தில் மாதம் 24,000 ரூபாய் சம்பளத்தில் வேலை செய்கிறான். வீட்டுக்கு 10,000 ரூபாய் தருகிறான். செலவு போக 6,000 ரூபாய் மிச்சம் பிடிக்கிறான். சபையின் வாலிபர் குழுவோடு ஆறு வார மிஷன் ஊழியத்துக்காக மேற்குக் கென்யாவுக்குப் போக ஆசைப்படுகிறான். வெளிநாடு போவது இதுவே முதல் தடவை. ஒருவருக்கு 2,30,000 ரூபாய் ஆகுமாம். முதல் தவணை 90,000 ரூபாயை இந்த மாதக் கடைசிக்குள் கட்ட வேண்டும். அவனிடம் 55,000 ரூபாய் இருக்கிறது; சபை 40,000 ரூபாய் தருகிறது. மீதிக்கு மகளின் கல்யாணத்துக்காக வைத்திருக்கும் நகையை அடகு வைக்கலாமா? தெரிந்தவர்கள் தரும் காணிக்கையை அவனுடைய வங்கிக் கணக்கில் வாங்கலாமா? குழு மூன்று மாதத்தில் புறப்படுகிறது. அடுத்த குழு ஓராண்டு கழித்துப் போகும்.

பதில்: நகையை அடகு வைக்க வேண்டாம். மகன் போகட்டும், ஆனால் அடுத்த குழுவோடு போகட்டும் என்பதே என் ஆலோசனை. ஊழியத்துக்கான அழைப்பைப் பணக்கணக்கால் தள்ளிப்போடச் சொல்வது உங்களுக்கு வருத்தம் தரலாம் என்பதால், காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், 2,30,000 ரூபாய் என்பது முழுச் செலவு அன்று. ஆறு வாரம் சம்பளமில்லா விடுப்பில் போனால் வீட்டுக்கு வர வேண்டிய 15,000 ரூபாய் நின்றுபோகும். கென்யாவின் மின்னணுப் பயண அனுமதிக்கு 30 டாலர் அளவில் கட்ட வேண்டும். பயணக் காப்பீடு, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி, மேற்குக் கென்யாவில் மலேரியா பரவலாக இருப்பதால் மருத்துவர் எழுதித் தரும் தடுப்பு மாத்திரை ஆகிய எல்லாவற்றுக்கும் சேர்த்து 10,000 ரூபாயை ஒதுக்குங்கள். இடையில் நோயோ வீட்டில் அவசரமோ வந்து முன்கூட்டியே திரும்ப நேர்ந்தால், டிக்கெட் தேதியை மாற்ற 15,000 ரூபாயாவது கையில் இருக்க வேண்டும். ஆக உண்மையான தேவை 2,70,000 ரூபாய். கையில் இருப்பதும் சபை தருவதும் போகப் பற்றாக்குறை 1,75,000 ரூபாய்.

இந்தத் தொகைக்கு வங்கியில் நகைக்கடன் வாங்கினால், ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் வட்டி 17,500 ரூபாய்தான். என்னைக் கவலைப்படுத்துவது வட்டி அன்று, அசல். ஓராண்டில் திருப்ப வேண்டுமானால் அசலுக்கு மட்டும் மாதம் 14,600 ரூபாய் தேவைப்படும் நிலையில், உங்கள் மகன் மிச்சம் பிடிப்பதோ 6,000 ரூபாய். கெடு முடியும்போது வட்டியை மட்டும் கட்டி நகையை மறு அடகு வைப்பீர்கள்; அதற்குள் மகளுக்கு நல்ல வரன் அமைந்துவிட்டால், நகையை மீட்க வெளியில் கைமாற்று வாங்க வேண்டிவரும். ஊழியத்துக்குப் போய்வந்த பிள்ளையின் முதல் ஆண்டு முழுவதும் கடன் அடைப்பதிலேயே கழிவது அந்த ஊழியத்துக்கும் நல்லதன்று. தங்கையின் நகை அவன் பயணத்துக்காகப் போயிற்று என்ற பேச்சு வீட்டில் ஒருமுறை எழுந்துவிட்டால், அதை அடக்குவதும் எளிதன்று.

அடுத்த குழு புறப்பட 15 மாதம் இருக்கிறது. மகனின் 6,000 ரூபாயோடு குடும்பத்திலிருந்து 2,000 ரூபாய் சேர்த்து, மாதம் 8,000 ரூபாய்த் தொடர் வைப்பைத் தொடங்குங்கள். அஞ்சலகத்தில் ஐந்தாண்டுக் கணக்குதான் உண்டு என்பதால், 15 மாதத்துக்கு வங்கியே பொருத்தம். அசல் 1,20,000 ரூபாயோடு வட்டி சுமார் 5,000 ரூபாய் கிடைக்கும். இருக்கும் 55,000 ரூபாயும் சபையின் 40,000 ரூபாயும் சேர்ந்தால் 2,20,000 ரூபாய் ஆகிவிடும். மீதி 50,000 ரூபாயைக் காணிக்கையாகத் திரட்டுவது, அவனை அறிந்த மக்கள் இருக்கும் ஊரில் கடினமாக இருக்காது. பங்குச் சந்தையோ மியூச்சுவல் ஃபண்டோ இவ்வளவு குறுகிய காலத்துக்கு வேண்டாம்.

இடைப்பட்ட காலம் வீணாகும் என்று மகன் எண்ணத் தேவையில்லை. உங்கள் பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா முதலானோர் 1903-இல் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம், நம் மக்களின் காணிக்கையைக் கொண்டே தெலுங்கு நாட்டின் டோர்னக்கல் பகுதிக்கு ஊழியர்களை அனுப்பியது. இன்றும் ரயில் கட்டணத்தில் போய்வரக்கூடிய பணித்தளங்கள் இந்தியாவுக்குள் பல உண்டு. விடுப்பில் இரண்டு வாரம் அப்படி ஓர் இடத்தில் தங்கி வந்தால், மொழி தெரியாத ஊரில் வேலை செய்வது தனக்கு ஒத்துவருகிறதா என்பது கென்யாவுக்கு முன்பே அவனுக்குத் தெரிந்துவிடும்.

காணிக்கையைப் பொறுத்தவரை வருமான வரிச் சட்டத்தைக் கவனிக்க வேண்டும். பெற்றோர், உடன்பிறந்தோர், பெற்றோருடன் பிறந்தோர் போன்ற சட்டம் குறிப்பிடும் உறவினர்கள் தருவதற்கு வரி இல்லை. நண்பர்கள், ஜெபக்குழுவினர், சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் ஆகியோர் தருவது ஒரு நிதியாண்டில் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டுமன்றி முழுத் தொகையும் அவனுடைய வருமானமாகக் கொள்ளப்படும். அவன் சம்பளத்துக்கு இப்போதைய புதிய வரிமுறையில் வரி கட்ட நேராது என்றாலும், கணக்கைத் தெளிவாக வைத்திருப்பது அவசியம். ஆகவே தனியாக ஒரு சேமிப்புக் கணக்கில் வாங்கி, யார் எவ்வளவு தந்தார்கள் என்று எழுதி வையுங்கள். சபையின் 40,000 ரூபாயை எந்த வழியில் தருவது என்பதைச் சபையின் தணிக்கையாளரிடம் ஆயர் கேட்டு முடிவுசெய்யட்டும். ஓர் அறக்கட்டளை தன் வருமானத்தை இந்தியாவுக்கு வெளியே செலவிட்டால் அந்தத் தொகைக்கு வரிவிலக்கு பொதுவாகக் கிடைக்காது. வெளிநாட்டுச் சபை எதுவும் பணம் அனுப்ப முன்வந்தால், எஃப்சிஆர்ஏ என்னும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு இல்லாமல் உங்கள் சபை அதை வாங்கவே கூடாது. மேலும், வெளிநாட்டுப் பயணத்துக்கு ஓராண்டில் 2 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவிடுபவர், வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தாலும், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். இதைப் பலர் அறிவதில்லை.

புறப்படும் காலத்தில் கவனிக்க வேண்டியவை சில. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் போன்ற அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட வேண்டும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பினால் இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தக்கூடும். காப்பீடு எடுக்கும்போது தன்னார்வப் பணிக்குப் போவதை மறைக்காமல் சொல்லுங்கள். கட்டட வேலை, உடலுழைப்பு ஆகியவற்றில் நேரும் காயத்துக்குச் சில பாலிசிகள் பணம் தருவதில்லை. சில நூறு டாலர் ரொக்கமும் மீதியை வெளிநாட்டுப் பணமாக ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டும் போதும். கென்யாவில் பெட்டிக்கடை வரை எம்-பெசா என்னும் கைப்பேசிப் பணம் புழங்குவதால், அங்கே பாஸ்போர்ட்டைக் காட்டி சிம் வாங்கி அதைத் தொடங்கிக்கொள்ளலாம்.

இந்த வாரமே மகனும் நீங்களும் ஆயரோடு சேர்ந்து குழுத் தலைவரைச் சந்தியுங்கள். அடுத்த குழுவில் இடம் உறுதியா, சுற்றுலா அனுமதியில் ஊழியம் செய்ய அந்நாட்டுச் சட்டம் இடம் தருகிறதா, பயணம் நின்றுபோனால் கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பும் என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். அந்தப் பதில் கைக்கு வரும்வரை முதல் தவணையைக் கட்ட வேண்டாம்.