ஏற்காட்டு விடுதிக்கு ஃப்ளோ பேட்டரி சரிப்படுமா?

கேள்வி: ஏற்காட்டில் ஆறு அறை கொண்ட விடுதி நடத்துகிறேன். மாடியில் சோலார் இருக்கிறது. ராத்திரிக்கு 30 யூனிட் வேண்டும். ஃப்ளோ பேட்டரி 20 வருஷம் உழைக்கும், தீப்பிடிக்காது என்கிறார் நண்பர். வாங்கலாமா?
- ஒரு வாசகர், ஏற்காடு

பதில்: நண்பர் சொன்னது இரண்டும் பொய்யில்லை. ஆனாலும் வேண்டாம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் 27 வருஷமாக இன்வெர்ட்டர் பேட்டரி விற்கிறேன். வியாபாரப் பொறாமையில் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள்.

மேட்டூர் அணையை எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு தண்ணீர் தேங்கும் என்பது வேறு, டர்பைன் ஒரு நேரத்தில் எவ்வளவு கரண்ட் தரும் என்பது வேறு. என் கடை பேட்டரியில் இரண்டும் ஒரே டப்பாவுக்குள் அடைபட்டவை. ஃப்ளோ பேட்டரியிலோ வனேடியம் என்ற உலோகத்தைக் கரைத்த கந்தக அமிலம் இரண்டு தொட்டிகளில் நிற்கும். பம்ப் அதை நடுவிலுள்ள செல் அடுக்கு வழியாக ஓட்டும். கரண்ட் உண்டாவது அங்கேதான். கூடுதல் நேரம் கரண்ட் வேண்டுமா, தொட்டியைப் பெரிதாக்கினால் போதும். 1980-களில் ஆஸ்திரேலியாவில் மரியா ஸ்கைலாஸ்-கசாகோஸ் குழு இதை உருவாக்கியது. இரண்டு பக்கமும் ஒரே உலோகம் என்பதால், இரண்டு கரைசலையும் பிரிக்கும் சவ்வு வழியே கொஞ்சம் கசிந்து கலந்தாலும் கரைசல் வீணாகாது. அதனால்தான் அந்த ஆயுசு. சீனாவின் தாலியனில் 2022-ல் ஓடத் தொடங்கிய ஃப்ளோ பேட்டரி 4 லட்சம் யூனிட் பிடிக்கும்.

இப்போது உங்கள் கணக்கு. ஒரு லிட்டர் கரைசலில் சுமார் 20 வாட்-அவர்தான் நிற்கும் (ஒரு யூனிட் என்பது 1,000 வாட்-அவர்). 30 யூனிட்டுக்கு 1,500 லிட்டர், எடை ஏறக்குறைய 2 டன். அமிலத்தை லாரியில் ஏற்றி 20 கொண்டை ஊசி வளைவு தாண்டிக் கொண்டுவரணும். அப்புறம் பம்ப், குழாய், பார்த்துக்கொள்ள ஓர் ஆள். 100 யூனிட் ஏற்றினால் திரும்பக் கிடைப்பதும் 70, 75தான்.

ஒரு வேடிக்கை: கரைசலின் சூடு 40 டிகிரியைத் தாண்டினால் வனேடியம் அடியில் படிய ஆரம்பிக்கும். இடம் தாராளமாக உள்ள சேலத்தில் மே மாத வெயில் பகை. குளிர்ச்சியான உங்கள் ஊரில் இடம் இல்லை!

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி வாங்குங்கள். ஒரு பீரோ அளவில் முடிந்துவிடும். மாடிப்படிக்கு அடியில் மட்டும் வைக்காதீர்கள், காற்றோட்டம் வேண்டும். அதற்கும் முன்னால் கீசரைப் பாருங்கள். அந்த 30 யூனிட்டில் பாதி அதற்கே போகிறது என்று சந்தேகப்படுகிறேன். வெந்நீருக்குத் தனி சோலார் ஹீட்டர் போட்டுவிட்டு, ஒரு மாத மீட்டர் கணக்கோடு மறுபடி எழுதுங்கள்.