காதும் கொஞ்சம் வேண்டும்: கொழும்பு சினிமா ரசிகர்கள் கேட்டவை

சிங்களப் படங்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதுவது என் வேலை. ஒரு வசனத்தைப் பத்துத் தரம் திருப்பிக் கேட்டால்தான் அது இரண்டு வரிக்குள் அடங்கும். அந்தப் பழக்கத்தில், எந்தப் படம் பார்த்தாலும் கண்ணுக்கு முன்னால் காது ஓடிவிடுகிறது. இது ஒரு வியாதி என்று வீட்டில் சொல்கிறார்கள். எங்கள் சினிமாக் கூட்டத்தில் இந்த மாதம் பதில் சொல்வது என் முறை. ‘அடுத்த சூப்பர் ஸ்டார் யார்’ என்று வந்த ஏழெட்டுக் கேள்விகளை ஒதுக்கிவிட்டேன், கோபிக்க வேண்டாம்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு மாணவர்: அக்கா, ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ பார்த்து எங்கட வீட்டில் எல்லாரும் அழுதவை. எனக்கு மட்டும் அவர்கள் கதைத்த தமிழ் கொஞ்சம் இடித்தது. நான்தான் குறை பிடிக்கிறேனா?

இல்லைத் தம்பி, எனக்கும் இடித்தது. நானும் அழுதேன், அது வேறு கதை.

2025 மே 1இல் வந்த படம். அபிஷன் ஜீவிந்துக்கு அது முதல் படம், இருபதுகளில் இருக்கும் பையன். பொருளாதார நெருக்கடியில் இங்கிருந்து கடல் தாண்டிப் போகும் ஒரு குடும்பம், சென்னையில் வாயைத் திறந்தால் பிடிபட்டுவிடும் என்ற பயத்தோடு வாழ்கிறது. அந்த யோசனையே எனக்கு மிகவும் பிடித்தது. சசிகுமாரும் சிம்ரனும் நல்ல நடிகர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் பேச்சு என்று வரும்போது ‘கதைக்கிறது’, ‘விளங்குது’ என்று நாலைந்து சொல்லைப் போட்டு, மீதியை இழுத்து இழுத்துச் சொன்னால் இலங்கைத் தமிழ் வந்துவிடும் என்ற எண்ணம் சென்னையில் பலகாலமாக இருக்கிறது. யாழ்ப்பாணத்தார் இழுப்பது குறைவு, விழுங்குவதுதான் அதிகம். வேகம் வேறு.

இன்னொன்று, ‘இலங்கைத் தமிழ்’ என்று ஒன்றே ஒன்று கிடையாது. உனக்கு அது நன்றாகத் தெரியும், 100ஆம் நம்பர் பஸ்ஸில் தினமும் போகிறவன் தானே. ‘வேலை கிடக்கு’ என்பார் ஒருவர், பக்கத்தில் மட்டக்களப்புப் பிள்ளை ‘வேலை இரிக்கு’ என்னும், முன் சீட்டில் ஒரு முஸ்லிம் தாய் ‘வேலை ஈக்குது’ என்பார், பதுளையிலிருந்து வந்து கடையில் நிற்கும் பெடியன் ‘வேலை இருக்கு’ என்பான். நாலு பேருக்கும் மற்ற மூவரும் சொன்னது விளங்கும். இந்த நாலையும் ஒரு குவளையில் ஊற்றிக் கலக்கினால் வருவதுதான் திரையில் கேட்கும் இலங்கைத் தமிழ்.

படத்தில் எனக்குக் குறையாகப் பட்டது உச்சரிப்பை விட இரண்டாம் பாதி. சந்திக்கிற ஆளெல்லாம் நல்லவராகிவிடுகிறார். தேநீருக்குச் சீனி கொஞ்சம் கூடிவிட்டது.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: பிள்ளை, இப்போதைய படங்களில் வசனம் ஒன்றுமே விளங்குவதில்லை. இசை மட்டும் நெஞ்சில் இடிக்கிறது. காது வைத்தியரிடம் போகட்டா?

ஐயா, உங்கள் காதுக்கு ஒன்றுமில்லை. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள்.

தியேட்டரில் வசனம் பெரும்பாலும் திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கும் ஸ்பீக்கரிலிருந்துதான் வரும். இசையும் வெடியும் இரண்டு பக்கத்திலும் முதுகுக்குப் பின்னாலும் பரவியிருக்கும். ஒலிக் கருவியில் அளவைக் கூட்டிக் குறைக்கும் இடத்தில் 7 என்ற புள்ளிதான் தரம். ஒலிக்கலவை செய்பவர் அந்த 7ஐ மனதில் வைத்துத்தான் கலக்கிறார். இசை காதைப் பிளக்கிறது என்று இரண்டு பேர் போய் முறையிட்டால் ஒப்பரேட்டர் 5க்கு இறக்கிவிடுவார். இசை தாங்கக்கூடியதாகும், கூடவே வசனமும் முணுமுணுப்பாகிவிடும். தியேட்டரில் குறைக்கிறார்கள் என்று தெரிந்து அடுத்த படத்துக்கு ஸ்டூடியோவில் இன்னும் கூட்டுவார்கள். கூட்டக் கூட்ட இங்கே குறைப்பார்கள். இப்படியே போகிறது சண்டை.

2024 நவம்பரில் ‘கங்குவா’ வந்தபோது இது ஊரறிய நடந்தது. இரைச்சல் தாங்கவில்லை என்று ரசிகர்கள் சத்தம் போட, ஒலியை இரண்டு புள்ளி குறைக்கும்படி தயாரிப்பாளரே தியேட்டர்காரர்களிடம் கேட்டார். ‘ஸ்லம்டோக் மில்லியனர்’ ஒலிக்காக ஒஸ்கார் வாங்கிய ரசூல் பூக்குட்டி, ஒலிக் கலைஞர்கள் மீதே பழி விழுகிறதே என்று பகிரங்கமாக வருத்தப்பட்டார்.

எனக்கு ஒருதரம் இதைவிட மோசமாக நடந்தது. தியேட்டர் பெயர் வேண்டாம். படம் தொடங்கி ஒரு மணி நேரம் கதாநாயகன் வாயசைக்கிறான், தூரத்தில் யாரோ கிணற்றுக்குள் கதைப்பது போலக் கேட்கிறது. இடைவேளையில் எழுந்துபோய்ச் சொன்னேன். கன்ரீனில் பற்றிஸ் விற்றுக்கொண்டிருந்த பெடியன்தான் பதில் சொன்னான்: “மிஸ், அது படமே அப்படித்தான்.” விடாமல் மேலே ஏறிப்போய் ஒப்பரேட்டரைப் பார்த்தேன். நடு ஸ்பீக்கருக்கு உயிரே இல்லை. ஏதோ ஒரு வயரைக் கழற்றிப் பூட்டினார், இரண்டாம் பாதியில் எல்லாரும் தமிழ் பேசினார்கள்.

ஆக ஐயா, மண்டபத்தின் நீளத்தை மூன்றாகப் பிரித்தால் முன்னாலிருந்து இரண்டு பங்கு தள்ளி, வரிசையின் நடுவில் இருங்கள். பல்கனிக்குக் கீழே போய் ஒதுங்காதீர்கள், அங்கே சத்தம் செத்துப்போகும். அதற்கும் விளங்காவிட்டால் எழுந்துபோய்ச் சொல்லுங்கள்.

தெஹிவளையிலிருந்து இரண்டு சகோதரர்கள்: அன்ரி, லோகேஷா மாரி செல்வராஜா? வீட்டில் ஒரு கிழமையாகச் சண்டை. நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

தம்பிமாரே, இடியப்பமா புட்டா என்று கேட்பது போல இருக்கிறது. இரண்டும் காலையில் வேண்டும்.

லோகேஷ் என்றால் எனக்கு இன்றும் ‘மாநகரம்’ (2017), ‘கைதி’ (2019) இரண்டும்தான். ‘கைதி’ ஒரே இரவில் நடக்கும் கதை. கதாநாயகி இல்லை, புதுப் பாட்டும் இல்லை. லொறியின் உறுமலே பாதி இசை. ‘கூலி’க்கு (2025) வரும்போது அந்த இறுக்கம் போய்விட்டது. ஒவ்வொரு மொழியிலிருந்தும் ஒரு நட்சத்திரம், ஒவ்வொருவருக்கும் ஓர் அறிமுகக் காட்சி, அதற்குள் கதை மூச்சு விட இடமில்லை.

மாரியில் ‘வாழை’யை (2024) எடுத்துக்கொள்ளுங்கள். தன் சிறு வயதையே எடுத்திருக்கிறார். தோளில் வாழைக்குலையோடு சேற்று வரம்பில் நடக்கும் பையனின் காலடிச் சத்தம் மாறிக்கொண்டே வரும். குலையின் பாரம் எவ்வளவு என்று யாரும் வசனத்தில் சொல்ல வேண்டியதில்லை, அந்தச் சத்தத்திலேயே அது தெரியும். ‘பைசன்’ (2025) அவ்வளவு நுணுக்கமில்லை, ஆனால் கபடிக் காட்சிகளில் உடம்பு உடம்போடு மோதுவது கேட்கும்.

தீர்ப்பு வேண்டுமென்றால் என் ஓட்டு மாரிக்கு. தோற்றவர் டிக்கெட் எடுக்கட்டும்.

தெமட்டகொடையிலிருந்து ஓர் இளைஞர்: எங்கட வீட்டில் தாத்தா (மூத்த சகோதரி), நானா (அண்ணன்) யாரும் சினிமாவில் இல்லை. டைரக்டர் ஆக வேண்டும் என்றால் வாப்பா சிரிக்கிறார். இங்கிருந்து யாராவது அப்படிப் போயிருக்கிறார்களா அக்கா?

போயிருக்கிறார், அதுவும் தமிழ் சினிமாவின் உச்சத்துக்கே. பாலு மகேந்திரா 1939இல் மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர். ‘தி பிரிட்ஜ் ஒன் தி ரிவர் குவாய்’ (1957) படத்தை டேவிட் லீன் நம்முடைய கித்துல்கலையில்தான் எடுத்தார். பள்ளிக்கூடப் பையனாக அங்கே போன பாலு மகேந்திரா படப்பிடிப்பைப் பார்த்திருக்கிறார். இயக்குநர் ‘மழை’ என்று கத்த, மழை கொட்டியதாம். ஒரு மனிதன் சொல்லி மழை பெய்கிறதே என்று அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். பூனாவில் ஒளிப்பதிவு படித்து, 1974இல் ‘நெல்லு’ என்ற மலையாளப் படத்தில் தொடங்கினார். பாலா, வெற்றிமாறன், ராம், சீனு ராமசாமி எல்லாரும் அவரிடம் இருந்தவர்கள்.

அவருடைய ‘வீடு’ (1988) படத்தைத் தேடிப் பார். ஒரு பெண் சின்னதாய் ஒரு வீடு கட்டப் படும் பாடு, அவ்வளவுதான் கதை. பாட்டே கிடையாது. இளையராஜா ஏற்கனவே வெளியிட்டிருந்த ‘ஹவ் டு நேம் இட்’ இசைத்தட்டிலிருந்து எடுத்துத்தான் பின்னணியில் வைத்திருக்கிறார்கள்.

வாப்பாவிடம் இப்போதைக்கு ஒன்றும் கேட்காதே. போனை எடுத்து, படம் பிடிக்காமல் சத்தத்தை மட்டும் பத்து நிமிடம் பதிவு செய். பேட்டை பஸ் நிலையம், உங்கள் தெருவின் வெள்ளிக்கிழமை மதியம், உம்மா கறி தாளிக்கும் நேரம், எதுவும் சரி. கொத்து ரொட்டிக் கடைத் தகரச் சத்தம் மட்டும் வேண்டாம், அதை எல்லாரும் எடுத்து முடித்துவிட்டார்கள். ஒரு கிழமை கழித்துக் கேட்டுப் பார். எந்த இடத்தில் உனக்குப் படம் தெரிகிறதோ அந்த இடத்திலிருந்து எழுதத் தொடங்கு. பிறகு எனக்கு அனுப்பு.

பேட்டைத் துணிக்கடை ஒன்றில் வேலை செய்யும் ஹற்றன் தங்கச்சி: எங்கள் தோட்டத்து வாழ்க்கையை இங்கே யாரும் படமாக எடுத்ததே இல்லையா?

எடுத்தார்கள், குறைவு. தொழிற்சங்கவாதியான வி.பி. கணேசன் தயாரித்து நடித்த ‘புதிய காற்று’ 1975இல் வந்தது. கதை வசனத்தில் மலையக எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் இருந்தார், அதனால் அந்தப் பேச்சு தோட்டத்திலிருந்து வந்த பேச்சு. அதற்குப் பிறகு உங்கள் பக்கம் பெரும்பாலும் பாட்டுக்குப் பின்னணியாகத்தான் திரையில் வருகிறது. கொழுந்துக் கூடையோடு நாலு பெண்கள், பனி, நாயகன் நாயகி, அடுத்த காட்சி. எனக்கு அது எரிச்சல். பாலாவின் ‘பரதேசி’ (2013) தேயிலைத் தோட்டத்தின் கொடுமையைச் சொல்கிறது, ஆனால் அது இந்தியப் பக்கத்துக் கதை. உங்கள் தோட்டத்து லயன் வீடுகளின் கதையை நீங்களே எழுதினால் சப்டைட்டில் நான் இலவசமாகச் செய்து தருவேன், வாக்கு.

பம்பலப்பிட்டியிலிருந்து ஓர் அக்கா: சிங்களப் படம் பார்க்க ஆசை, எங்கே தொடங்குவது?

தமிழிலிருந்தே தொடங்கலாம் அக்கா. சிங்கள இயக்குநர் தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் படிப்பித்துக்கொண்டிருந்த காலத்தில் எடுத்த ‘பொன்மணி’, சீதனத்தையும் சாதியையும் கேள்வி கேட்கும் தமிழ்ப் படம். அசோக ஹந்தகமவின் ‘இனி அவன்’ (2012), போர் முடிந்து ஊருக்குத் திரும்பும் ஒரு முன்னாள் போராளியின் கதை. அதில் நடித்த தர்ஷன் தர்மராஜ் 2022இல் காலமாகிவிட்டார், பெரிய இழப்பு. பிறகு ஹந்தகமவின் ‘ராணி’ (2025). 1990இல் கடத்திக் கொல்லப்பட்ட பத்திரிகையாளர் ரிச்சர்ட் டி சொய்சாவின் தாய், தமிழ் வைத்தியர் மனோராணி சரவணமுத்து பற்றியது. கடைசியாகப் பிரசன்ன விதானகேயின் ‘பரடைஸ்’ (2023). பொருளாதார நெருக்கடியின் பெற்றோல் வரிசைக் காலத்தில் இங்கே சுற்றுலா வரும் ஒரு மலையாளத் தம்பதி. நாங்கள் மணிக்கணக்காக வரிசையில் நின்ற அதே நாட்கள், அவர்கள் கார் கண்ணாடி வழியாகப் பார்க்கிறார்கள். மலையாளம், சிங்களம், தமிழ், ஆங்கிலம் எல்லாம் வரும், யாருக்கு யார் சொன்னது விளங்கவில்லை என்பதில்தான் கதை திரும்புகிறது.

சப்டைட்டிலை மட்டும் முழுக்க நம்ப வேண்டாம். ஒருமுறை ஒரு குறும்படத்தில் இரண்டு சிங்களப் பெடியன்கள் மூச்சுக்கு மூச்சு ‘மச்சங்’ என்பதை நான் ‘மச்சான்’ என்றே எழுதிவிட்டேன். மட்டக்களப்பில் போட்டுக் காட்டியபோது முன்வரிசையில் இருந்த ஒரு வயதான அம்மா முடிவில் கேட்டார்: “அந்த ரெண்டு பேரில ஆருட தங்கச்சிய ஆரு முடிச்சிரிக்கான்?” படம் முழுக்க அந்தத் தங்கச்சி எப்போது வருவாள் என்று காத்திருந்திருக்கிறார் பாவம். இப்போதெல்லாம் ‘டேய்’ தான் போடுகிறேன்.

கல்கிசையிலிருந்து ஒருவர்: ‘மெய்யழகன்’ நீளமா?

2024இல் வெளியான பிறகு 18 நிமிடம் வெட்டினார்கள். நான் வெட்டாததைப் பார்த்தேன், நீளமாகத்தான் இருந்தது. அந்த நீளம்தான் அந்தப் படம். ஊருக்குப் போனால் சொந்தக்காரர் எழும்ப விடாமல் கதைப்பார்களே, அதை எப்படி வெட்டுவது?

மீண்டும் வெள்ளவத்தை, ஒரு தங்கச்சி: ‘கொட்டுக்காளி’யில் மீனா ஏன் அநேகமாகக் கதைப்பதே இல்லை? முடிவும் விளங்கவில்லை.

பி.எஸ். வினோத்ராஜின் 2024 படம். பின்னணி இசையே இல்லை. ஆட்டோ, மோட்டார் சைக்கிள், காற்று, கால் கட்டிய ஒரு சேவல், வழி முழுக்கக் கத்தும் ஆண்கள். இத்தனைக்கும் நடுவில் மீனாவாக வரும் அன்னா பென் ஆட்டோவில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். எல்லாரும் அவள் வாயிலிருந்து ஒரு சொல்லைப் பிடுங்கத்தான் பாடுபடுகிறார்கள். அவள் கொடுக்கவில்லை, அவளிடம் இருப்பது அது ஒன்றுதான். முடிவில் சூரியின் முகத்தைத் திரும்பப் பாருங்கள், அங்கே அவன் சத்தமில்லாமல் நிற்கிறான்.

அந்தப் படத்துக்குச் சப்டைட்டில் எழுதக் கிடைத்திருந்தால் மீனாவின் இடத்தில் திரைக்கடியை வெறுமையாகவே விட்டிருப்பேன். எங்களுக்கு நிமிடக் கணக்கில்தான் காசு, அவளைப் போல இன்னும் இரண்டு பேர் வந்தால் நான் வாழ்ந்துவிடுவேன்.