அந்தப் பொண்ணு சாப்பிட்டாளா?

அண்ணா, ஸ்தோத்திரம். நான் ராணிப்பேட்டை, ஷூ கம்பெனில ஷூவோட மேல்பாகம் தைக்கிற லைன்ல இருக்கேன். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைல ஆயர் "இந்த வருஷம் நோக்கத்தோட வாழுங்க"ன்னு பிரசங்கம் பண்ணாரு. புது வருஷத்துக்குன்னு வசனம் எழுதின வாக்குத்தத்த அட்டை எடுத்தேன், போன வருஷ அட்டை பக்கத்துலயே பைபிள்ல வெச்சிட்டேன். அஞ்சு மணிக்கு எந்திரிச்சு சமைச்சு கம்பெனி பஸ் புடிச்சு டார்கெட் முடிச்சு வந்து படுத்தா நாள் முடிஞ்சிடுது. முழுநேர ஊழியத்துக்குப் போனவங்களுக்குத்தான் நோக்கம்லாம் இருக்குமா? 36 வயசாச்சு, ஒண்ணும் செய்யலையேன்னு இருக்கு. பக்கத்து மெஷினுக்குப் புதுசா வந்த பொண்ணு சாப்பாட்டு நேரத்துல டப்பாவையே திறக்காம அழறா, என்னன்னு கேக்கக்கூட எனக்கு முடியல. ஜெபம் பண்ணிக்கோங்க.

*

அன்புள்ள சகோதரி,

ஜெபம் பண்றேன். உங்க கடிதத்த மூணு தடவ படிச்சேன்.

உங்க ஊர்ல 1870ல பொறந்தவங்கதான் ஐடா ஸ்கடர், அமெரிக்க மிஷனரி டாக்டரோட பொண்ணு, வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிய ஆரம்பிச்சவங்க. சிஎம்சி கதை வேலூர்ப் பக்கம் எல்லாருக்கும் தெரியும், ஆனா நாம அதுல ஆஸ்பத்திரியத்தான் பாக்கறோம், அந்த ராத்திரிய சரியா பாக்கறதில்லன்னு எனக்குத் தோணும். அவங்க ஊழியத்துக்குன்னு வரல, உடம்பு சரியில்லாத அம்மாவப் பாத்துக்கத்தான் திண்டிவனம் வந்தாங்க, திரும்பி அமெரிக்கா போயிடணும்னுதான் நெனப்பு. ஒரே ராத்திரில மூணு பேரு ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா வந்து கதவத் தட்டி, என் பொண்டாட்டி பிரசவத்துல கஷ்டப்படுறா வாங்கன்னு கூப்பிடுறாங்க, அப்பா டாக்டர் இருக்காரு அவர வேணா கூட்டிட்டுப் போங்கன்னா ஆம்பள டாக்டர் வேணாம்னுட்டாங்க, இவங்களுக்கோ வைத்தியம் தெரியாது. விடிஞ்சா மூணு பொண்ணுங்களும் செத்துட்டாங்க.

அந்த ராத்திரி அவங்க ஒண்ணுமே செய்யல சகோதரி. செய்ய முடியாமப் போனது மட்டும்தான் நடந்துச்சு. அது நெஞ்சுல முள்ளு மாதிரி தெச்சதாலதான் போய்ப் படிச்சாங்க, 1899ல டாக்டராகி 1900ல வேலூர் வந்து ஒரே ஒரு கட்டில் போட்டு ஆரம்பிச்சாங்க. 40 படுக்கை ஆஸ்பத்திரி 1902ல. பொண்ணுங்களுக்கு மெடிக்கல் ஸ்கூல் வர 1918 ஆச்சு. ஒத்தக் கட்டில் போட்ட அன்னிக்கு இவ்வளவும் அவங்க கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நான் நம்பல.

போன வருஷம் எங்கம்மாவுக்காக அதே ஆஸ்பத்திரி வராண்டால உக்காந்திருந்தேன். வங்காளத்துல இருந்து வந்த ஒரு வயசான தம்பதி, கைல ரெண்டு சீட்டு, எது ரத்தம் எது எக்ஸ்ரேன்னு புரியாம முழிக்கறாங்க. அங்க கூட்டிட்டிருந்த அக்காவுக்கு அவங்க பாஷை தெரியாது. விளக்கமாத்த செவுத்துல சாத்திட்டு வந்து, ஒரு சீட்டோட ஓரத்த மட்டும் மடிச்சு, அந்தப் பெரியவரோட கட்டைவிரலப் புடிச்சு அந்த மடிப்பு மேல வெச்சு, இதுதான் மொதல்லன்னு கதவக் காட்டுனாங்க. அவ்ளோதான், திரும்பக் கூட்டப் போயிட்டாங்க. "ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்ய"ன்னு மாற்கு 10:45ல இருக்கற வசனம்தான் அந்த ஆஸ்பத்திரியோட குறிக்கோள், எனக்கு அதோட அர்த்தம் அன்னிக்குத்தான் புரிஞ்சுது. முழுநேரமா பகுதிநேரமான்னு அதுல எங்கயும் இல்ல.

உங்களால ஒண்ணும் முடியலன்னு முக்கால் கடிதம் எழுதிட்டு, கடைசில அந்தப் பொண்ணப் பத்தி ஒரே ஒரு வரி எழுதியிருக்கீங்க. அந்த வரிய எழுதும்போது உங்களுக்கு உறுத்தியிருக்கு, இல்லன்னா எழுதியிருக்கமாட்டீங்க. ஆண்டவர் உங்க கதவத் தட்டுற சத்தம் அதுதான்னு நான் முழுசா நம்பறேன். புத்தி சொல்ல வேணாம், வசனம்கூட இப்ப வேணாம். திங்கக்கிழமை உங்க டப்பாவ எடுத்துட்டுப் போய் அவ பக்கத்துல உக்காருங்க, உங்க கொழம்புல கொஞ்சம் அவ மூடில ஊத்துங்க, அவளா பேசற வரைக்கும் கேள்வி கேக்காதீங்க, அதுக்கு ஒரு வாரமும் ஆகலாம் ஒரு மாசமும் ஆகலாம்.

அவ சாப்பிட்டாளான்னு எனக்கு எழுதுங்க.