மருமகன் வாங்கவிருக்கும் பழைய விமானம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டெக்சஸில் வசிக்கும் என் மருமகன் விமானம் ஓட்டும் உரிமம் பெற்று, 1967-ஆம் ஆண்டில் தயாரான பைப்பர் செரோக்கி 140 ஒன்றைச் சொந்தமாக வைத்திருக்கிறார். பேரப்பிள்ளைகள் இருவரும் வளர்ந்துவிட்டதால் அது போதவில்லை என்று, 1960-களின் செஸ்னா 182 அல்லது 'வி' வடிவ வால் கொண்ட பீச்கிராஃப்ட் பொனான்ஸா வாங்க நினைக்கிறார். ஒரு பழைய விமானத்தை விற்றுவிட்டு, அதைவிட வேகமான இன்னொரு பழைய விமானத்தில் என் மகளையும் குழந்தைகளையும் ஏற்றிச் செல்வது சரிதானா?
– பெரம்பூர் வாசகர்

பதில்: ஐயா, வேகத்துக்காக என்றால் வேண்டாம், பாரத்துக்காக என்றால் தாராளமாக வாங்கட்டும். டல்லாஸிலிருந்து சான் அன்டோனியோ வான்வழியில் சுமார் 400 கிலோமீட்டர். செரோக்கி மணிக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர் வேகத்தில், மணிக்கு 30 லிட்டர் பெட்ரோல் செலவில் இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேரும். செஸ்னா 182 மணிக்கு 250 கிலோமீட்டர் போகும். ஆனால் மணிக்கு 50 லிட்டர் குடிக்கும். இருபத்து நான்கு நிமிடம் மிச்சமாகும். இருபது லிட்டர் கூடுதலாகச் செலவாகும். அதற்காக விமானத்தை மாற்ற வேண்டியதில்லை.

பாரக் கணக்கு வேறு. செரோக்கி 140 இரண்டு பேர் பழகும் பயிற்சி விமானமாக வந்தது. பின் இருக்கை வேண்டுவோர்க்கு மட்டும் பொருத்தப்பட்டது. எஞ்சின் 150 குதிரைத்திறன். கிளம்பும்போது மொத்த எடை 975 கிலோவைத் தாண்டக் கூடாது. வெற்று எடையையும் இரண்டு டேங்க் நிறைய பெட்ரோலையும் கழித்தால் மிஞ்சுவது ஏறக்குறைய 250 கிலோ. உங்கள் மகளும் மருமகனும் சேர்ந்து 145, பிள்ளைகள் இருவரும் சேர்ந்து 80 என்று வைத்துக்கொண்டால், பெட்டிகளுக்கு 25 கிலோதான். பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் வளர்ந்தால் பெட்ரோலைக் குறைத்துக்கொண்டுதான் புறப்பட வேண்டும். குடும்பப் பயணத்தில் அந்தப் பழக்கம் எனக்கு அறவே உடன்பாடில்லை, ஏனெனில் வானிலை கெட்டு வேறொரு விமான நிலையத்துக்குத் திரும்ப நேரும்போது கைகொடுப்பது டேங்கில் மீதமிருக்கும் பெட்ரோல்தான். 230 குதிரைத்திறன் கொண்ட 1960-களின் நடுப்பகுதி செஸ்னா 182-இல் மொத்த எடை 1,270 கிலோ வரை போகலாம். அதே கணக்கைப் போட்டால் 350 கிலோவை ஒட்டி மிஞ்சும்.

டெக்சஸின் கோடை வெயிலையும் இதில் சேர்க்க வேண்டும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது; அதில் எஞ்சினின் திறன், புரொப்பெல்லரின் இழுவை, இறக்கையின் தூக்கு விசை மூன்றும் ஒருசேரக் குறைகின்றன. அண்டை மாநிலத்துச் சான்டா ஃபே விமான நிலையம் 6,000 அடிக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. டர்போ (காற்றை அழுத்தி ஊட்டும் கருவி) இல்லாத எஞ்சின் அங்கே தன் திறனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். 150 குதிரைத்திறனில் அந்த ஐந்தில் ஒரு பங்கு போனால், ஓடுபாதையின் முடிவில் உள்ள மரங்களைத் தாண்டுவதே கவலையாகிவிடும்.

வயதைப் பற்றிய உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். ஒரு லோகோவுக்கு எத்தனை வயது என்பதைவிட, கடைசியாக பி.ஓ.எச். (குறித்த காலத்துக்கு ஒருமுறை முழுவதும் கழற்றிப் பழுதுபார்ப்பது) எப்போது நடந்தது, அதில் என்னென்ன கழற்றிப் பார்க்கப்பட்டன என்பதைத்தானே நீங்கள் கேட்டிருப்பீர்கள்? இங்கேயும் அப்படித்தான். 2018-இல் ஃபுளோரிடாவில் பயிற்சியின்போது பைப்பர் ஆரோ விமானம் ஒன்றின் இறக்கை வானத்திலேயே முறிந்து இருவர் இறந்தனர். இறக்கையின் முதன்மை உத்தரத்தில் உலோகக் களைப்பால் விழுந்த வெடிப்பே காரணம். அந்த விமானம் 2007-இல் தயாரானது. ஓயாமல் ஏறி இறங்கிய உழைப்புத்தான் அதைத் தேய்த்தது. மாறாக, ஆண்டுக்கணக்கில் கொட்டகையில் சும்மா நின்ற விமானத்தின் எஞ்சினுக்குள் துரு ஏறியிருக்கும். மெக்சிகோ வளைகுடாக் கரையோரம் நின்றதென்றால் உப்புக்காற்று அலுமினியத்தையும் அரித்திருக்கும். ஆகவே, விற்பவரோடு தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவரைக் கொண்டு, விமானத்தின் பராமரிப்புப் பதிவேடுகளான லாக் புத்தகங்களை முதல் பக்கத்திலிருந்து படித்து, அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ. பிறப்பித்த கட்டாயப் பாதுகாப்பு உத்தரவுகள் ஒவ்வொன்றும் நிறைவேற்றப்பட்டதா என்று சரிபார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். ஆயில் ஃபில்டரை வெட்டி, உள்ளே இருக்கும் மடிப்புத் தாளை விரித்து, காந்தத்தை அதன்மேல் ஓட்டச் சொல்லுங்கள். இரும்புத் துகள் ஒட்டினால் உள்ளே ஏதோ தேய்கிறது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

செஸ்னா 182-இல் தனியாகச் சோதிக்க வேண்டிய இரண்டு இடங்கள் உண்டு. அதன் மூக்கு கனமானது. தரையிறங்கும்போது முன்சக்கரம் முதலில் மோதினால் எஞ்சினுக்குப் பின்னால் உள்ள ஃபயர்வால் தகடு மடிந்துவிடும். டார்ச் அடித்து அதன் அடிப்பகுதியில் சுருக்கமோ, பிதுங்கிய ரிவெட்டோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்தது டேங்க். அக்காலத்து 182-களில் இறக்கைக்குள் ரப்பர் பைதான் டேங்க்; அது சுருங்கினால் மடிப்புகளில் மழைத் தண்ணீர் தங்கி, மூக்கு நிமிரும் நேரத்தில் எஞ்சினுக்குப் போய்ச் சேரும். ஒவ்வொரு முறையும் புறப்படும் முன் இறக்கையை அசைத்துவிட்டு, அடியில் உள்ள வால்வுகளிலிருந்து கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்க்க வேண்டும்: விமான பெட்ரோல் இளநீலமாக இருக்கும்; தண்ணீர் இருந்தால் நிறமில்லாத குமிழாக அடியில் உருளும்.

பொனான்ஸா அழகான, வேகமான விமானம்; ஆனால் இந்தக் குடும்பத்துக்கு இப்போது அதை நான் சொல்லமாட்டேன். பெட்ரோல் தீரத் தீர அதன் எடைமையம் (மொத்த எடையும் சமநிலை கொள்ளும் புள்ளி) பின்னோக்கி நகர்வதால், பின் இருக்கையில் ஆள் இருக்கும் நாளில் புறப்படும்போது சரியாக இருந்த கணக்கு இறங்கும்போது தவறிப்போகக்கூடும். மடங்கும் சக்கரங்களைக் கீழே விட மறக்கக் கூடாது என்ற சுமையும் சேரும். 'வி' வால் முறிந்த விபத்துகளுக்குப் பிறகு 1980-களில் வாலை வலுப்படுத்த உத்தரவு வந்தது.

கேள்வி: கையில் உரிமம் இருக்கும்போது பெரிய எஞ்சினுக்குத் தனிப் பயிற்சி வேண்டுமா?
– திருவொற்றியூர் மாணவர்

பதில்: வேண்டும். அமெரிக்க விதிப்படி 200 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட எஞ்சினுள்ள விமானத்தைத் தலைமை விமானியாக ஓட்ட, பயிற்றுநர் ஒருவர் கற்றுத்தந்து விமானியின் சொந்த லாக் புத்தகத்தில் கையெழுத்திட்டிருக்க வேண்டும். புரொப்பெல்லரின் கோணத்தை மாற்றும் லீவரும், எஞ்சின் குளிர்ச்சிக்கான கௌல் கதவுகளும் செரோக்கி 140 ஓட்டியவருக்குப் புதியவை. கையெழுத்துக் கிடைத்த மறுநாளே குடும்பத்தை ஏற்றக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நான்கு பேரின் எடைக்குச் சமமாக மணல் மூட்டைகளைக் கட்டிவைத்து, பயிற்றுநரோடு சூடான பிற்பகலில் ஏறி இறங்கிப் பழகிய பிறகே பிள்ளைகள் ஏறட்டும்.

கேள்வி: அமெரிக்காவில் என் தங்கையின் கணவரும் இப்படியொரு விமானம் வைத்திருக்கிறார். குளிர்காலத்தில் பறந்தால் குழந்தைகள் தூங்கிவிடுகிறார்கள், தலை வலிக்கிறது என்கிறார்கள் என்று தங்கை சொல்கிறாள். இது இயல்பா?
– ராயபுரம் வாசகி

பதில்: அம்மா, இதை இயல்பு என்று விட்டுவிடாதீர்கள்; இன்றே தங்கையிடம் பேசுங்கள். இத்தகைய விமானங்களில் ஹீட்டருக்குத் தனி நெருப்பு கிடையாது. எஞ்சினின் புகைக்குழாயைச் சுற்றியுள்ள உறை வழியாக வரும் காற்றுத்தான் சூடாகி உள்ளே வருகிறது. குழாயில் மயிரிழை அளவு வெடிப்பு இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு கலந்துவிடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலியும் தூக்கமும் அதன் முதல் அறிகுறிகள். விமானிக்கும் அதே மயக்கம் வரும். மெக்கானிக் அந்த உறையைக் கழற்றிக் குழாயைப் பார்க்கும்வரை விமானம் தரையிலேயே இருக்கட்டும். பிறகு, அந்த வாயு பட்டால் நிறம் மாறும் அட்டையை நம்பாமல், ஒலி எழுப்பும் பேட்டரி டிடெக்டர் ஒன்றை வாங்கி, விமானியின் கண்ணில் படும்படி முன்பலகையில் பொருத்தச் சொல்லுங்கள்.