கணவருக்கும் மகனுக்கும் ஓயாத சண்டை. கணவர் வர மறுத்தால் குடும்ப ஆலோசனை பயன்படுமா?

அவர் வராவிட்டாலும் நீங்களும் மகனும் சென்று ஆலோசனையைத் தொடங்கலாம். ஒருவர் பதில் சொல்லும் விதம் மாறினாலே வீட்டில் சண்டை வளரும் விதமும் மாறக்கூடும்.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் சச்சரவு முற்றுகிறது என்கிறீர்கள். விசைப்படகு பாம்பன் கரையில் நிற்க, வருமானமின்றி வீட்டிலிருக்கும் கணவர் அதட்டுகிறார், மகன் பேசாமலிருக்கிறான், அந்த மௌனத்தை அவமதிப்பாக எடுத்துக்கொண்டு அவர் மேலும் அதட்டுகிறார் என்ற சுழலே காரணமாக இருக்கலாம். (யார்மீது குற்றம் என்று தீர்ப்புச் சொல்வது ஆலோசகரின் வேலையன்று, இதைக் கணவரிடம் சொல்லிப் பாருங்கள்.)

ஒரு வாரத்திற்கு, ஒவ்வொரு சண்டைக்கும் சற்றுமுன் யார் என்ன சொன்னார் என்று குறித்து வையுங்கள். ஒரே வரிசை திரும்பத் திரும்ப வந்தால் முதல் அமர்வில் அந்தத் தாளையே காட்டலாம்.

அடிதடியோ தற்கொலைப் பேச்சோ இருந்தால் சேர்ந்து அமரும் ஆலோசனை இப்போதைக்கு வேண்டாம். முதலில் 14416 என்ற டெலிமானஸ் எண்ணை (அரசின் இலவச மனநல உதவி எண்) அழையுங்கள், இரவிலும் தமிழில் பேசலாம்.