கேளுங்க சொல்றோம்: வெடிமருந்துல உரம் வருமா?

நீடாமங்கலம் வாசகர்: பழைய ராணுவ வெடிமருந்த உரமா மாத்துறாங்கன்னு பையன் போன்ல காட்டுறான். குறுவைக்கு யூரியா கெடைக்காம சொசைட்டி வாசல்ல கால்கடுக்க நிக்கிறோம், இது நெசமா சார்?

நெசந்தாங்க. பீரங்கி குண்ட தள்ளுற மருந்துல பெரும்பங்கு நைட்ரோசெல்லுலோஸ், அதாவது பருத்திப் பஞ்சு நைட்ரிக் ஆசிட்ல போட்டு எடுத்தது, உங்க யூரியால இருக்குற தழைச்சத்து (நைட்ரஜன்) அதுலயும் இருக்கு. காஸ்டிக் சோடா மாதிரி காரக் கரைசல்ல போட்டு சூடு பண்ணா வெடிக்கிற குணம் போயி நைட்ரேட், நைட்ரைட்டுன்னு கரைஞ்சுடும், காஸ்டிக் சோடாவுக்கு பதிலா பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போட்டா சாம்பல்சத்தும் சேந்துக்கும். ஆனா அமெரிக்க எம்6 மருந்த எடுத்துக்கிட்டா அதுல நூத்துக்கு பத்து பங்கு டைநைட்ரோடொலுயீன்னு ஒரு விஷம், அத பிரிக்காம வயல்ல விட்டா போச்சு.

அந்த எம்6தான் அமெரிக்காவோட லூசியானா மாநிலத்துல கேம்ப் மிண்டன்ங்கற எடத்துல சுமார் 7,000 டன் தேங்கி கெடந்துச்சு, 2012ல ஒரு கெடங்கு வெடிச்சப்புறம்தான் வெளிய தெரிஞ்சுது. வெட்டவெளில கொளுத்திடலாம்னாங்க, ஊர்க்காரங்க விடல, கடைசில மூடுன உலைல எரிச்சு பொகைய வடிகட்டி 2017ல முடிச்சாங்க. அதே வருஷம் கதிராமங்கலத்துல ஓஎன்ஜிசிய எதுத்து நின்ன நமக்கு அந்த ஊர்க்காரங்க கோவம் புரியும். அவ்ளோ மருந்தும் உரமாகல, எரிஞ்சுதான் போச்சு, அதனால சொசைட்டி க்யூவ விட்டு நகந்துடாதீங்க.

நாச்சியார்கோயில் வாசகர்: தோட்டாவோட வெளிக்கூடு இருக்குல்ல, அந்த பித்தளைல குத்துவிளக்கு வார்க்கலாமா?

பித்தளைன்னு பாத்தா நல்ல பித்தளைங்க, 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். முதல் உலகப்போர்ல சிப்பாய்ங்களே குண்டு உறைய பூச்சாடியா தட்டி வச்சிருக்காங்க. வம்பு எங்கன்னா கூட்டோட அடில சட்டை பட்டன விட சின்னதா, மருந்த பத்தவைக்கிற ப்ரைமர்னு ஒண்ணு குந்தியிருக்கும், சுடாத தோட்டா ஒண்ணே ஒண்ணு உலோகம் உருக்குற மூசைல விழுந்தாலும் பக்கத்துல நிக்கிற ஆளு முகத்துக்குதான் வரும். சுட்ட கூட்டுலயும் ஈயம் ஒட்டியிருக்கும், சாமி முன்னாடி ஏத்துற விளக்குக்கு எதுக்கு அது. காயலான் கடைல மூட்டையா மலிவா வந்தா வாங்காதீங்க.

திருவையாறு வாசகர்: ஆத்துல குண்டு மாதிரி ஏதாவது கெடந்தா?

2024ல அந்தநல்லூர் காவிரிக்கரைல ராக்கெட் லாஞ்சர் ஒண்ணு கெடச்சு, போலீஸ் வந்து ராணுவத்துக்கிட்ட ஒப்படைச்சாங்க. எடைக்கு போட்டு பேரீச்சம்பழம் வாங்கலாம்னு தூக்கிட்டு வராதீங்க, செல்பியும் வேணாம், தள்ளி நின்னு 100க்கு அடிங்க.